42 வயதில் பி.ஏ. சேரலாமா?

பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன், 42 வயதாகிறது, ஜவுளிக்கடையையும் கவனித்துக்கொண்டு பி.ஏ. படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும் சகோதரி. தொலைதூரக் கல்வி தரும் இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) உச்ச வயது வரம்பு கிடையாது. மூன்று வருடப் படிப்பை ஆறு வருடம் வரை இழுத்து முடிக்கலாம். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு வரும். தீபாவளி வியாபாரத்தில் புத்தகத்தைத் தொட முடியாமல் போனால் சில தாள்களை ஜூனுக்குத் தள்ளிவிடுங்கள்.

நான் 39 வயதில் சேர்ந்தேன். பாடம்கூடப் பயமுறுத்தவில்லை, கைதான் படுத்தியது. இருபது வருடமாகக் கையெழுத்துப் போட மட்டும்தான் பேனா எடுத்திருந்தேன்! முதல் தேர்வில் ஒரு மணி நேரத்திலேயே கட்டைவிரல் மரத்துப்போய், கையை உதறி உதறி எழுதினேன். அதனால் வீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட்டை மற்றவரிடம் கொடுக்காமல் நீங்களே எழுதுங்கள். பெரும்பாலான தாள்களில் 30 சதவீத மதிப்பெண் அதற்குத்தான்.

அப்புறம் ஒன்று. 'நின்றுவிட்டேன்' என்றால் தேர்ச்சி பெற்று நின்றீர்களா, ஏதாவது பாடம் பாக்கியா? பாக்கி இருந்தால் முதலில் தனித்தேர்வராக அதை எழுதி முடியுங்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வெழுதி அரசு வேலைக்குப் போகும் ஆசை இருந்தால், பத்து, பன்னிரண்டு, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசையைப் பார்ப்பார்கள்.