புயலுக்குப் பின் தேவாலயப் பங்கு இளையோர் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் எப்படிப் போடுவது?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடல்நீர் புகுந்த கிணற்றை மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைக்காதீர்கள். அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும். குப்பையை அள்ளிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர். விட்டம் 2 மீட்டர், நீர் 2 மீட்டர் என்றால் சுமார் 6,280 லிட்டர்; 16 கிராம். கலங்கல் நீருக்கு இது போதாது. ஈரம் பட்ட பழைய மூட்டையும் வீரியம் இழந்திருக்கும். வாளியில் குழைத்து, நீர்விட்டுக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டுத் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். அடிச் சுண்ணாம்பு விழுந்தால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் யாரும் மொள்ளக் கூடாது.

விவிலியத்தின் யாக்கோபு திருமுகம் (2:15-16) உணவும் உடையும் இல்லாதவரை வெறும் வாழ்த்தோடு அனுப்புவதைத்தான் கண்டிக்கிறது. ஆகவே பள்ளிவாசல் தெருக் கிணற்றுக்கும் போங்கள், மதத் துண்டுப்பிரசுரம் வேண்டாம். பவுடரிலுள்ள குளோரின் உப்பை நீக்காது என்பதையும் வீட்டாரிடம் சொல்லுங்கள். குடிக்க லாரித் தண்ணீர்தான்.