கோட்டைவிட்டாரா கோபாலன்?

கேள்வி: கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய எம்.ஜே.கோபாலன், இரண்டிலும் கால் வைத்ததால் 1936 பெர்லின் ஒலிம்பிக் தங்கத்தைக் கோட்டைவிட்டவர்தானே? அவருக்கு ஏன் இத்தனை பெயர்?
- ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: போகிற போக்கில் 'கோட்டைவிட்டவர்' என்று எழுதிவிட்டீர்கள். சென்னையில் நிஜமாகவே கோட்டையை விட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். 1746-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் பறிகொடுத்து 1749-ல் திரும்ப வாங்கினார்கள். அவர்களை யாரும் கிண்டல் செய்யக் காணோம்.

இந்தச் சொல்லால் எனக்கும் எங்கள் மெய்ப்புத் திருத்துபவருக்கும் வருடக்கணக்கில் சண்டை. நான் சேர்த்து எழுதினால் அவர் பிரித்துவிடுவார். பிரித்தால் அது உடம்பில் போடுகிற கோட்டாகவும் ஆகும், பந்து வீசுகிறவர் தாண்டக் கூடாத கோடாகவும் ஆகும். ஒருமுறை, தோற்றுப்போன வேட்பாளர் 'கோட்டை விட்டார்' என்று அச்சாகி, எந்த நாற்காலியில் மாட்டிவிட்டு வந்தார் என்று நாலு பேர் போன் போட்டுக் கேட்டார்கள்.

கோபாலன் கதையில் கோடும் உண்டு, கோட்டும் உண்டு. முதலில் கோடு. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், சென்னைக்கும் மைசூருக்கும் ஆட்டம். ரஞ்சிக் கோப்பையில் விழுந்த முதல் பந்தே கோபாலன் போட்டதுதான். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. பதினோரு விக்கெட்டைச் சென்னையின் இன்னொரு பந்துவீச்சாளர் ராம்சிங் அள்ளிக்கொண்டது தனிக் கதை.

அடுத்தது கோட்டு. 1935-ல் தியான்சந்த் அணியோடு நியூசிலாந்து போய் ஹாக்கி ஆடிவிட்டு வந்தவர் முன்னால், மறு வருடம் பெர்லினா இங்கிலாந்தா என்ற கேள்வி நின்றது. கிரிக்கெட் கோட்டை மாட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். பெர்லினில் நம்மவர்கள் ஜெர்மனியை 8-1 என்று சாத்தினார்கள். இங்கிலாந்திலோ மூன்று டெஸ்டில் ஒன்றுக்குக்கூட கோபாலனை இறக்கவில்லை. அணித்தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமார் மட்டும் மூன்றும் ஆடி, ஆறு இன்னிங்ஸில் மொத்தம் 33 ரன் சேர்த்து, 'சர்' பட்டத்தோடு திரும்பினார். நன்றாக ஆடிக்கொண்டிருந்த அமர்நாத்தைப் பாதியில் ஊருக்கு அனுப்பிய புண்ணியமும் அந்த அணிக்கு உண்டு. பணக்காரரைத் தலைவராக்குகிற பழக்கத்தைப் போன இதழில்தான் திட்டினேன், மறுபடி வேண்டாம்.

இரண்டு ஆட்டம் ஆடினால் கெடுதல் என்கிறீர்களா? அதே அணியில் இன்னொரு சென்னைக்காரர், சி.ராமசாமி. டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். நாற்பது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட். எடுத்தது 40, 60. அவரை இறக்கினார்கள், ஆடினார். ஆட்டத்தில் இறக்கப்படாதவர் என்ன செய்வார்?

கோட்டைவிடுவது என்றால் அசந்துபோய் விடுவது. கோபாலன் அசரவில்லை. தெரிந்தே ஒன்றைப் பிடித்தார், பிடித்தது வழுக்கிவிட்டது. ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று, 1934-ல் கல்கத்தாவில். பிற்பாடு சென்னையும் இலங்கையும் அவர் பெயரில் ஒரு கோப்பை வைத்து வருடக்கணக்கில் மோதின. ஒரு டெஸ்ட்காரருக்கு அது போதாதா?

மெய்ப்புத் திருத்துபவர் கவனத்துக்கு: மேலே உள்ள எந்தக் கோட்டையிலும் கை வைக்காதீர்கள்.