மைல் கணக்கை நம்பாதீர்கள்: டெவில்ஸ் லேக்கில் பெரியவர்களுடன் இரண்டு நாள்

கேள்வி: சிகாகோவை அடுத்த நேப்பர்வில்லில் வசிக்கிறோம். ஊரிலிருந்து, திருநெல்வேலியிலிருந்து, மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். ஜூலையில் ஒரு வார இறுதியில், விஸ்கான்சினில் இருக்கும் டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. மாமனாருக்கு 71 வயது, நன்றாக நடப்பார். மாமியாருக்கு மூட்டுவலி. பிள்ளைகளுக்கு 9 வயதும் 4 வயதும். வரைபடத்தில் பாதைகள் எல்லாம் அரை மைல், ஒரு மைல் என்றே இருக்கின்றன; எல்லோரும் சேர்ந்தே மேலே ஏறிவிடலாமா? பெரியவர்களுக்குக் கூடாரம் சரிப்படுமா? பெயரைக் கேட்டதிலிருந்து மாமியார் வேறு, "பேய் ஏரிக்கா கூட்டிப்போகிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பதில்: மாமியாரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஏரி ஹோ-சங்க் பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. அவர்கள் மொழியில் அதன் பெயருக்குப் புனித ஏரி என்றே பொருள். பின்னால் வந்து குடியேறிய வெள்ளையர்கள்தான் அதைப் பிசாசின் ஏரி ஆக்கினார்கள். தென்கரையில் அந்த மக்களின் முன்னோர் எழுப்பிய பறவை வடிவ மண்மேடு இன்றும் இருக்கிறது. மாமியாரை அங்கே அழைத்துச் சென்று காட்டுங்கள், சமதரைதான். மேட்டின் மேல் மட்டும் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.

இனி நடைபாதை. வரைபடத்தில் மைலைப் பார்க்காதீர்கள், திசையைப் பாருங்கள். இங்கே கிழக்கும் மேற்கும் சுமார் 500 அடி உயரப் பாறைச் சுவர்கள். வடக்கும் தெற்கும் மணற்கரை, புல்வெளி, மர நிழல். இது தற்செயல் அல்ல. ஒரு காலத்தில் இந்த மலைகளுக்கு நடுவே ஆறு ஓடியது. பனியுகத்தின் கடைசியில் பனிப்பாறைகள் பள்ளத்தாக்கின் இரண்டு வாயிலும் மண்ணையும் கல்லையும் கொண்டுவந்து கொட்டி அடைத்துவிட்டன. நடுவில் தேங்கிய நீர்தான் 360 ஏக்கர் ஏரி. அடைத்த மண் இருக்கும் இரு முனைகளும் மூட்டுவலிக்காரர்களுக்கு. ஆறு அறுத்த இரு பக்கங்களும் முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி திட்டம் முடிந்தது.

பேலன்ஸ்டு ராக் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் அரை மைலுக்கும் குறைவு. ஆனால் அது பாதை என்பதைவிடக் கல்லில் அடுக்கிய ஏணி என்பதே பொருந்தும். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, கைப்பிடியும் கிடையாது. நன்றாக நடக்கும் மாமனாரும் ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் தெரியும். அதனால் அவரையும் மூத்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மேலே போக விரும்பினால், வடகரையிலிருந்து புறப்படும் ஈஸ்ட் பிளஃப் வுட்ஸ் பாதையில் ஏறுங்கள். மரங்களுக்கு நடுவே மெல்ல மெல்ல உயரும் வழி அது. மேலே போய், விளிம்பில் நின்று ஏரியைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். டெவில்ஸ் டோர்வே என்ற கல்வாசலைப் படமெடுக்க ஆசை இருந்தால், அதற்குக் கீழேயும் இறங்கி ஏற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். விளிம்புகளில் வேலி கிடையாது. நான்கு வயதுப் பிள்ளையை மேலே கொண்டுபோவதை நான் ஆதரிக்க மாட்டேன். முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்று: அந்தப் பாறை குவார்ட்சைட். சுமார் 170 கோடி ஆண்டு வயதுள்ள மணல், இறுகி இளஞ்சிவப்புக் கல்லானது. காய்ந்திருந்தால் கால் பிடிக்கும். ஒரு தூறல் போட்டுவிட்டால் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். மழை பெய்த காலையில் மலை வேண்டாம், அவ்வளவுதான்.

மாமியாருக்கு என்ன? மேற்குக் கரையோரம் டம்புல்டு ராக்ஸ் என்ற பாதை உண்டு, ஏறக்குறைய ஒரு மைல். மலையிலிருந்து உருண்டு விழுந்த பாறைக் குவியல்களுக்கு நடுவே, தண்ணீரை ஒட்டியே போகும். பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் தரை சமமாகவும் இருக்காது. கைத்தடியோடு கால் மைல் போய், ஒரு பாறையில் உட்கார்ந்து, திரும்பிவிடச் சொல்லுங்கள். மேலே ஏறியவர்கள் பார்த்ததைவிட அவர் பார்த்தது குறைவாக இருக்காது. கிழக்கு மலையின் தென்கோடி அடிவாரத்தில் கிராட்டோஸ் பாதையும் சமதளம்தான், ஆனால் அங்கிருந்து ஏரி தெரியாது.

கிழக்குக் கரையோரம் ரயில் தண்டவாளம் ஓடுகிறது. 1873-இல் போட்ட வழி, இன்றும் சரக்கு வண்டி வரும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், உங்களுக்கு எச்சரிக்கை. தண்டவாளத்தைக் குறுக்குவழியாக்கி நடக்க வேண்டாம்.

கூடாரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கருத்து: நீங்களும் பிள்ளைகளும் கூடாரத்தில், பெரியவர்கள் பாராபூ ஊரில் ஓர் அறையில். ஊர் அங்கிருந்து மூன்று, நான்கு மைல்தான். இதைச் சொன்னால் "பெற்றவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் எப்படி" என்று வீட்டில் ஒரு விவாதம் கிளம்பும், எனக்குத் தெரியும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, டார்ச் விளக்கோடு, வேர் தடுக்கும் வழியில் கழிப்பறைக்கு நடக்க வேண்டியவர் மாமியார்தான், விவாதிப்பவர்கள் அல்ல. தரையில் படுத்து எழுவது மூட்டுவலிக்காரர்களுக்குத் தண்டனை. பகல் முழுவதும் கூடாரத்தடியில் எல்லோரும் சேர்ந்திருங்கள், இரவுச் சாப்பாடு முடிந்ததும் அறைக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

தங்குமிடங்கள் மூன்று: குவார்ட்சைட், நார்தர்ன் லைட்ஸ், ஐஸ் ஏஜ். குவார்ட்சைட் வடகரைக்கு மிக அருகில். ஆனால் திறந்த வெளி. முன்னொரு காலத்தில் கோல்ஃப் மைதானமாக இருந்த இடம் என்பது ஜூலை மதியத்தில் நன்றாகவே உறைக்கும். நார்தர்ன் லைட்ஸில் மரங்கள் உண்டு, மின் இணைப்புள்ள இடங்களும் உண்டு. ஐஸ் ஏஜ் பெரியது, நிழலானது; மின்சாரம் எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்கு நார்தர்ன் லைட்ஸ் என்பேன். சிக்கல் என்னவென்றால், முன்பதிவு 11 மாதத்துக்கு முன்பே திறந்துவிடுகிறது. விஸ்கான்சினில் அதிகக் கூட்டம் வரும் மாநிலப் பூங்கா இது. ஜூலை வார இறுதி எப்போதோ நிரம்பியிருக்கும். ரத்தாகும் இடங்களைத் தினமும் தேடுங்கள், அல்லது கணவரை ஞாயிறு, திங்கள் இரவுகளுக்கு விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். நான் இரண்டாவதையே பலமாகப் பரிந்துரைப்பேன். ஒரு முறை ஜூலைச் சனிக்கிழமை, மேடிசனிலிருந்து சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கார் நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போனது. கடைசியில் ஊருக்குள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வார இறுதிதான் முடியும் என்றால், ஒன்பது மணிக்குள் வடகரையிலோ தென்கரையிலோ காரை நிறுத்திவிடுங்கள், பிறகு அதை அசைக்காதீர்கள். ஒவ்வொரு காருக்கும் நுழைவு ஸ்டிக்கர் வேண்டும். இல்லினாய் எண் பலகைக்குக் கட்டணம் கூடுதல்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வராதீர்கள். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் வண்டு விறகோடுதான் ஊர்விட்டு ஊர் போகிறது. பூங்காவிலிருந்து 10 மைலுக்குள் வெட்டியது, அல்லது சான்றிதழ் பெற்றது மட்டுமே செல்லும். அங்கேயே வாங்குவது சுலபம்.

சமையலைப் பெரிதாக்க வேண்டாம். முதல் நாளுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் போதும். இரண்டாம் நாள் சிறிய காஸ் அடுப்பில் உப்புமா. குடிநீர்க் குழாயடியில் பாத்திரம் கழுவுவது கூடாது. ஒரு வாளி கொண்டுபோங்கள். இருட்டியதும் சாப்பாட்டுப் பொருள் எல்லாம் காருக்குள் போய்விட வேண்டும். ரக்கூன் என்ற பிராணி ஜிப்பைத் திறக்கத் தெரிந்தது. எங்கள் முறுக்கு டப்பாவை அது திறந்த நேர்த்தியை இன்றும் என் மகள் நடித்துக் காட்டுவாள்.

ஏரி நீர் இரு முனைகளிலும் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும், பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் நடுவில் 45 அடியை எட்டும், உயிர்காப்பாளர் யாரும் இல்லை. நீந்தத் தெரியாத பெரியவர்கள் உட்பட எல்லோருக்கும் மிதவைச் சட்டை போடுங்கள். பெட்ரோல் படகுகளுக்கு அனுமதி இல்லாததால் நீர் அமைதியாக இருக்கும். இரு கரைகளிலும் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். மாமனாரை அதில் ஏற்றுங்கள். குளித்து வந்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு வந்தால் பதற வேண்டாம். நத்தையிலிருந்து நீர்ப்பறவைக்குப் போக வேண்டிய நுண்புழு, ஆள் மாறித் தோலுக்குள் நுழைந்து அங்கேயே செத்துப்போவதால் வரும் அரிப்பு அது. சில நாளில் அடங்கும். கரையேறிய உடனே துண்டால் அழுத்தித் துடைத்துவிடுங்கள், முடிந்தால் நல்ல நீரில் குளிப்பாட்டுங்கள். ஓரத்து வெதுவெதுப்பான நீரிலேயே மணிக்கணக்கில் உட்காரவிடாதீர்கள்.

அரிப்பைவிட உண்ணிதான் என் கவலை. லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி எள்ளளவே இருக்கும். புல்லுக்குள் போய்வந்த ஒவ்வொரு மாலையும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி என்று எல்லோரையும் சோதியுங்கள். மாமியார் சேலையில் வந்தால் உள்பாவாடை ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கடித்திருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். தீயால் சுடுவது, எண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, பரவும் சிவப்பு வட்டமோ வந்தால் மருத்துவரிடம் "உண்ணி கடித்தது" என்று முதலிலேயே சொல்லுங்கள். பெரியவர்கள் அதற்குள் ஊர் திரும்பியிருந்தால் இது இன்னும் முக்கியம். திருநெல்வேலியில் லைம் நோய் எந்த மருத்துவரின் நினைவிலும் முதலில் வராது.

பூங்காவுக்குள் கைபேசி சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. பிரிந்து போகும்போது "இத்தனை மணிக்கு வடகரைக் கடை வாசலில்" என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மழை பிடித்துக்கொண்டால் கூடாரத்துக்குள் முடங்க வேண்டாம். பாராபூவுக்கு வெளியே, 1973-இல் தொடங்கிய சர்வதேசக் கொக்கு அறக்கட்டளை இருக்கிறது. உலகத்தின் 15 வகைப் பெருங்கொக்குகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். நம் நாட்டின் சாரஸ் கொக்கும் அதில் ஒன்று. நடைபாதை சமதளம். மழை கனத்தால் ஊருக்குள், 1884-இல் சர்க்கஸ் தொடங்கிய ரிங்லிங் சகோதரர்கள் குளிர்காலத்தில் முகாமிட்ட இடத்திலேயே இருக்கும் சர்க்கஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மாமனாருக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவர் வயதில் ஊருக்கு ஊர் சர்க்கஸ் பார்த்தவர்கள்தானே எல்லோரும்.