மாடியில் போட்ட சாயமும் மாதச் சம்பளமும்

கேள்வி: எனக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் கடுக்காய், மஞ்சிட்டி, அவுரி ஆகியவற்றைக் கொண்டு, கைப்பிடி அளவாகப் போட்டு, துணிக்குச் சாயமேற்றி வருகிறேன். மற்ற ஆறு நாள்களும் அந்த ஒரு நாளுக்காகவே கழிகின்றன. வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொள்ளலாமா? விசைத்தறி ஓட்டும் அப்பா, "இருக்கறத உட்டுப்போட்டுப் பறக்கறதப் புடிக்கப் போகாத கண்ணு" என்கிறார்.
- காங்கேயம் வாசகி

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த ஆறு துணித் துண்டுகளையும் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மஞ்சிட்டிச் சிவப்பு ஏறிய துண்டின் ஓரத்தில் "இந்த நிறம் இனி வராது" என்று பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். மாடியில் சாயம் போடுகிறவருக்கு இனி வராத நிறம் ஒரு பெருமை. அதே நிறத்தில் நாற்பது துப்பட்டா கேட்டு முன்பணம் கொடுத்தவருக்கு அது குறை. பையர் (துணி வாங்கும் நிறுவனத்தார்) ஒப்புக்கொள்ளும்வரை லேப் டிப்பை, அதாவது சாயமிட்ட மாதிரித் துண்டை, மூன்று முறை, நான்கு முறை திருப்பி அனுப்பிப் பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. (நானும் இளவயதில் ஒரு சாயப்பட்டறையில் இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவன். ஷேடு மாறிப்போன துணி மூலையில் குவியும் மாதங்களில் முதலாளி யாரோடும் பேச மாட்டார்.)

உங்களுக்குச் சாயம் போடப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. போட்ட நிறத்தையே மறுபடி மறுபடி போடப் பிடிக்குமா என்பதை நீங்கள் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. எனவே, வேலையில் இருந்தபடியே தெரிந்தவர் ஒருவரிடம் இருபது துப்பட்டாவுக்கு ஆர்டர் வாங்கி, ஒரே நிறத்தில், சொன்ன தேதிக்குள், காசு வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுங்கள். கைப்பிடிக் கணக்கை விட்டு, கடுக்காயும் படிகாரமும் மஞ்சிட்டியும் துணியின் எடைக்கு எத்தனை விழுக்காடு என்று நிறுத்து நோட்டில் குறியுங்கள். தண்ணீரும் ஒரே தண்ணீராக இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒரே சிவப்பைத் தருவதில்லை. பன்னிரண்டாவது துப்பட்டாவைப் பிழியும்போதும் கை சலிக்காமல், பதினோராவதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஆவல் இருந்தால், தொழிலைப் பற்றி மேலே யோசிக்கலாம். அவுரித் தொட்டியிலிருந்து பச்சையாக வெளிவரும் துணி காற்றுப் பட்டு நீலமாவதை வேடிக்கை பார்ப்பதுதான் உங்களுக்கு வேண்டியது என்று தெரிந்துவிட்டால், அதை ஞாயிற்றுக்கிழமையோடு வைத்துக்கொள்வதில் எந்த இழப்பும் இல்லை.

அனுப்பியவற்றில் ஒன்று மஞ்சள் கிழங்கில் போட்டது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளாகவே இருந்தாலும் அந்த நிறம் வெயிலில் வெளுத்துவிடும், சோப்புப் பட்டால் சிவக்கும். விற்கும் பட்டியலில் அதைச் சேர்க்காதீர்கள்.

கழிவுநீரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உறுத்தலாக இருந்தது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டதையும், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் பட்ட பாட்டையும் காங்கேயத்துக்காரருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. இயற்கைச் சாயம் என்றாலும் படிகாரமும் இரும்புக் கரைசலும் கலந்த நீர் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். முதல் போடுவதற்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

அப்பா சொல்வதைத் தடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கஞ்சி போகக் காய்ச்சாத காடாத் துணியில் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும் என்பதும், எந்த நூல் எப்படிக் குடிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த இருபது துப்பட்டாவுக்கான துணியை அவரிடமே கேளுங்கள். விலை போடுவதும், பையரிடம் பேசுவதும், தேதி தவறாமல் சரக்கு அனுப்புவதும் இந்த ஆறு ஆண்டுகளில் உங்களுக்குக் கைவந்திருக்கின்றன; மாடியில் இருந்தபடி அவற்றைக் கற்றிருக்க முடியாது. ஓராண்டு வீட்டுச் செலவுக்கான பணம் வங்கியில் சேரும்வரை சம்பளத்தை விட வேண்டாம்.

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் படிக்கும் மகன், நீட் பயிற்சிக்குப் போகாமல் விடிகாலையில் வெள்ளோடு ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறான். இதில் சோறு கிடைக்குமா?
- பெருந்துறை வாசகர்

பதில்: அவன் நோட்டு வைத்திருக்கிறானா என்று முதலில் பாருங்கள். தேதி, நேரம், எத்தனை பறவை என்று எழுதி வைக்கிற பையன் என்றால் அது வெறும் ஊர்சுற்றல் இல்லை. மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கிறது. வனவியல் பட்டம் பெற்றவர்கள் இந்திய வனப்பணித் தேர்வையும் எழுதலாம். ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரில் பறவை ஆராய்ச்சி மையமே இயங்குகிறது. ஆனால் வனக்கல்லூரியில் சேரவும் பிளஸ் டூ மதிப்பெண் வேண்டும் என்பதை அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வரும் ஞாயிறு நீங்களும் ஒரு முறை அவனோடு ஏரிக்கரைக்குப் போய் வாருங்கள்; ஆறு மணிக்குள் போய்விட வேண்டும்.