மிச்சமிருக்கும் இரண்டு நாள் டிக்கெட் யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் டாம்பா நகரில் வசிக்கும் என் மகன், எங்கள் இருவருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்ல நான்கு நாள் டிக்கெட் எடுத்திருக்கிறான். எங்கள் வயதுக்கு இரண்டு நாள் நடந்தாலே அதிகம். அதே வாரக் கடைசியில் சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். மீதி இரண்டு நாளுக்கு அவர்கள் போய் வரலாமா? இன்னொரு கவலை, ரேஷன் கடையில் என் கைரேகை பதிவதே இல்லை. அங்கும் விரல் வைக்கச் சொல்வார்களாமே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போக முடியாது, அம்மா. காசு வீணாகிறதே என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால், நாட்கள் கூடக்கூட ஒரு நாளுக்கான கட்டணம் குறையும் வகையில் அந்த டிக்கெட்டுக்கு விலை வைத்திருப்பதால், ஒருவர் வாங்கியதை இருவர் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்பதில் டிஸ்னி நிர்வாகத்தினர் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டின் மிச்சத்தை விற்பது, அந்தப் பூங்கா இருக்கும் ஃபுளோரிடா மாநிலச் சட்டப்படியே குற்றம். ஆகவே, பூங்காவை அடுத்துள்ள ஆர்லாண்டோ நகரின் பக்கம் யாராவது குறைந்த விலைக்கு அப்படி ஒன்றை நீட்டினால் சம்பந்தி வீட்டார் வாங்கிவிட வேண்டாம். நான்கு நாள் டிக்கெட்டை, தொடங்கும் தேதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் பயன்படுத்தலாம் என்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீங்களே நிதானமாகப் போய்வரலாமே!

விரல் விஷயத்துக்கு வருவோம். வாயிலில் டிக்கெட்டையோ கைபேசியையோ கருவியில் காட்டிய பின், மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு விரலை வைக்க வேண்டும். அந்தப் பதிவை ஓர் எண்ணாக மாற்றிக்கொண்டு படத்தை உடனே நீக்கிவிடுவதாக நிர்வாகம் கூறுகிறது. அடுத்த முறை நீங்கள் வரும்போது அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதனால் முதல் நாள் வலது ஆள்காட்டி விரலை வைத்தவர், மறுநாள் மறந்துபோய் இடது கையை நீட்டினால் தடங்கல்தான். மாவரைத்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை மழுங்கிய விரல்களை நம் ஊர்க் கருவிகளே ஏற்க மறுக்கும்போது, அங்கே எப்படி இருக்குமோ என்று நீங்கள் அஞ்சுவது இயல்பே. விரல் வைக்க விரும்பாதவர்கள் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டலாம் என்று விதியிலேயே இடமிருப்பதால், உங்கள் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்திருங்கள்.

இதில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரோ கணவர் பெயரோ முழுமையாக விரிந்து நிற்க, மகன் வீட்டில் அழைக்கும் பெயரையும் ஓர் இனிஷியலையும் மட்டும் டிக்கெட்டில் பதிந்திருப்பார். அட்டையில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும் என்பதால், பயணத்துக்கு முன்பே அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேத்திக்கு இப்போது ஒன்பது வயது, நாங்கள் போகும் மாதத்தில் பத்து முடிந்திருக்கும். இப்போதே குழந்தை டிக்கெட் எடுத்துவிட்டால் மிச்சம்தானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வாங்கும் நாளின் வயது அல்ல, உள்ளே போகும் நாளின் வயதுதான் கணக்கு. மூன்று முதல் ஒன்பது வரை குழந்தை டிக்கெட். பத்து ஆகிவிட்டால் பெரியவர் டிக்கெட். மூன்று வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். இரண்டு கட்டணங்களுக்கும் இடையிலான வேறுபாடு அங்கே மிகச் சிறியது என்பதால், இதற்காக வாயிலில் பேத்தியின் வயதை மறைக்கும் சங்கடம் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: பதின்மூன்று வயதுப் பேரன் தனியே உள்ளே போகலாமா?
– அதே வாசகர்

பதில்: முடியாது. பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுடன் பதினான்கு வயதாவது நிரம்பிய ஒருவர் வர வேண்டும். பதினைந்து வயது அக்காள் கூடப் போனாலே போதும்.