நோய் தாங்கும் உருளைக்கிழங்கு இனம் உருவாக ஏன் இவ்வளவு காலம்?

நுவரெலியாவில் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் உருளைக்கிழங்கு கருகிவிடுகிறதே, தாங்கும் இனம் கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உருவாக்கலாம், ஆனால் பத்து வருடமாவது பிடிக்கும். இலை ஓரத்தில் நீர் கோர்த்த கரும்புள்ளி, திருப்பினால் வெண்பூஞ்சணம்: 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய அதே நோய். மெக்சிகோவின் காட்டு உருளைக்கிழங்கில் இதைத் தாங்கும் மரபணுக்கள் உண்டு. கலப்புச் செய்தால் காட்டுச் செடியின் சின்னக் கிழங்கும் கசப்பும் கூடவே வரும். அவற்றைக் களைய, நல்ல இனத்தோடு தலைமுறை தலைமுறையாகத் திரும்பக் கலக்க வேண்டும்.

ஒரே மரபணுவை நம்பினால் கிருமி சீக்கிரமே மாறி அதை மீறிவிடும். பலவற்றைச் சேர்ப்பதே நல்லது என்பேன். அப்புறம் வைரஸ் இல்லாத விதைக்கிழங்காகப் பெருக்க வேண்டும். சிறு விவசாயிக்கு அது கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். எனக்குப் பெரிய கவலை அதுதான். அதுவரை வடிகால், இடைவெளி, நேரத்துக்கு மருந்து.