‘கூட்டத்துக்கு நீ வர வேண்டாம்’

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், எதைக் கண்டாலும் கிரிக்கெட் வர்ணனையாளர் போல ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிடுகிறான். நான் அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தாளித்தாலும், அவன் அமுச்சி (பாட்டி) முருங்கைக்கீரை ஆய்ந்தாலும் கரண்டியை மைக் போலப் பிடித்துக்கொண்டு ஒரே சத்தம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டிச் சேர்த்தோம். அங்கே வாயே திறப்பதில்லையாம். எனக்கு ஆங்கிலம் தெரியாது. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு நான் வர வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டதால் அவன் சித்தப்பாதான் போய்வருகிறார். இந்த விளையாட்டை நிறுத்தி, அவனை வேறு நல்ல வகுப்பில் சேர்க்கலாமா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, வகுப்பு கிடக்கட்டும். கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று பெற்ற பிள்ளை சொன்னதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்களே, அது எப்படி முடிந்தது? ஏழாம் வகுப்புப் பையன் தாயை வராதே என்கிறான். வீட்டுப் பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள். கொழுந்தனார் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அவருக்கு ஆங்கிலம் வரும், சரி. எந்தப் பரீட்சையைக் காய்ச்சலோடு எழுதினான், எந்தப் பாடம் வந்தால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியுமா? அவன் அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் பேசாமல் இருந்ததும் தவறு, நீங்கள் ஒதுங்கிக்கொண்டதும் தவறு. பெற்றவளைப் பார்த்துக் கூசுகிற பிள்ளைக்கு ஆங்கிலம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

ஆங்கிலம் வகுப்பில் வராது, வீட்டில் வரும் என்று எத்தனையோ தாய்மார்கள் எனக்கு எழுதுகிறார்கள். வகுப்பில் தப்பைப் பிடிக்க ஒருவர் காத்திருக்கிறார்; அடுப்படியில் அப்படி யாரும் இல்லை. அதனால் வர்ணனையை நிறுத்தாதீர்கள். ஆனால் யாருக்காகப் பேசுகிறான் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

பிபிசி வானொலி 1927-ல் கால்பந்து ஆட்டத்தை நேரடியாக வர்ணித்தபோது, மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த படத்தைத் தன் வார இதழில் முன்கூட்டியே அச்சிட்டது. பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒருவர் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆட்டத்தைப் பார்க்க முடியாதவர் வீட்டிலிருந்தே விளங்கிக்கொள்ள அத்தனை பாடுபட்டார்கள். உங்கள் மகனோ எதிரே நிற்கும் அம்மாவுக்கும் அமுச்சிக்கும் ஒரு வார்த்தை விளங்காமல் முழங்கிக்கொண்டிருக்கிறான். இனி வீட்டில் ஒரே விதி: அம்மாவுக்குப் புரியாவிட்டால் அந்த வர்ணனை செல்லாது. ‘ஷி இஸ் கட்டிங் ஆனியன்ஸ்’ என்றால் கையைக் காட்டி விளக்கட்டும். நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவன் சிரித்தால் அந்த இடத்திலேயே கண்டியுங்கள்.

வர்ணனையில் பேச்சு பெரும்பாலும் நிகழ்காலத்திலேயே ஓடும். பந்து வீசுகிறார், அடிக்கிறார், ஓடுகிறார். அதை மட்டும் பழகியவன் நேற்று நடந்ததைச் சொல்லத் தடுமாறுவான். எனவே ராத்திரி சாப்பிடும்போது ரீப்ளே வையுங்கள்: காலையில் பால் பொங்கியது, பஸ்ஸைத் தவறவிட்டது எல்லாம் இறந்தகாலத்தில் வரட்டும். இன்னொரு குறையும் உண்டு. வர்ணனையாளர் பெரும்பாலும் சொல்லிக்கொண்டே போகிறவர். பாங்கிலும் ரயில் நிலையத்திலும் கேட்கத் தெரிய வேண்டும். அதற்கு ஆட்டம் முடிந்ததும் நடக்கிற பேட்டி இருக்கிறது. மைக் உங்கள் கையில். ‘ஒய் ஆர் யூ லேட்?’, ‘வாட் டிட் யூ ஈட்?’ என்று நீங்கள் கேளுங்கள், அவன் பதில் சொல்லட்டும். மறுநாள் அவன் கேட்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கும் நாலு வாக்கியம் கைவசமாகும். வயதாகிவிட்டது என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள்.

கிரிக்கெட்டில் இத்தனை ஆசை உள்ளவனுக்கு நம் பக்கத்து வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைத் தெரியாமல் இருக்காது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து போய், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்திலேயே மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முறை ஆடியவர். அதே சின்னப்பம்பட்டியில் அவர் அமைத்த மைதானம் 2023-ல் திறக்கப்பட்டது. பிறந்த இடத்தைச் சொல்ல அவர் கூசவில்லை என்று உங்கள் மகனை உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போகிறீர்கள். தமிழிலேயே பேசுங்கள், கோபியில் தமிழ் புரியாத ஆசிரியர் இருக்க மாட்டார். அப்படியே அவர் ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால், உங்கள் மகனே பக்கத்தில் நின்று உங்களுக்கு விளக்கட்டும். கொழுந்தனாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அன்று அவன் அப்பாவும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உங்களோடு வரட்டும்.